கட்டை வண்டிப் பட்டை முதல் கார் டயர் வரை



போன வாரம் பழைய மாணவர் ஒருவர், வாங்கலாமா என்று பார்த்து வைத்திருக்கும் செகண்ட் ஹேண்ட் காரின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். "டயர்ல பட்டன் அப்படியே இருக்கு சார், இன்னும் அஞ்சு வருஷம் கவலை இல்ல" என்று ஒரு குரல் பதிவும் கூடவே வந்தது. அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்த பழக்கம் விடுமா? டயர் எங்கே பிறந்தது என்பதிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். அவருக்கு மட்டும் அனுப்பினால் பாதியில் மூடிவிடுவார் என்று இங்கே எல்லோருக்கும் போடுகிறேன். காரோ வேனோ வைத்திருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள்.

நம் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் முதலில் ஓடிய டயர் ரப்பரால் ஆனது அல்ல, இரும்பால் ஆனது. கட்டை வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுவதை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். ஆசாரி மரச்சக்கரத்தைச் செய்து முடித்ததும் கொல்லர் இரும்புப் பட்டையை அதைவிடச் சற்றே சிறிய வளையமாக அடித்து வைப்பார். வறட்டியை வட்டமாக அடுக்கி, நடுவில் வளையத்தை வைத்து, அது சிவக்கும்வரை எரிப்பார்கள். சூட்டில் விரிந்த பட்டையை நான்கு பேர் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தில் மாட்டி, உடனே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். புகையும் ஆவியும் அடங்கும்போது பட்டை சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும். ஆங்கிலத்தில் டயர் என்ற சொல் முதலில் இந்த இரும்புப் பட்டைக்குத்தான் வழங்கியது. சக்கரத்துக்கு உடுத்தும் ஆடை என்ற பொருளில் வந்த சொல் என்று அகராதிக்காரர்கள் சொல்வார்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் இணைப்புக்கான வாக்கெடுப்பு நடந்தபோதும் நம் கிராமத்துப் பாதைகளில் பெரும்பாலும் இந்த ஆடை உடுத்திய சக்கரங்கள்தான் உருண்டுகொண்டிருந்தன என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இரும்பு டயரில் ஒரு வசதி உண்டு. தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், கழன்றால் சத்தம் கேட்கும். உள்ளுக்குள் மறைந்து கெடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. காற்று டயர் வந்த பிறகுதான் கெடுவது கண்ணுக்குத் தெரியாமல் போனது. நான் சொல்ல வருவது இந்த ஒன்றைப் பற்றித்தான்.

காற்று டயருக்கு 1845இல் முதலில் காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அப்போது அவருக்கு வயது 23. குதிரை வண்டிக்குப் பொருத்திக் காட்டினார், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 1888இல், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்கு ரப்பர் குழாயில் காற்றடைத்துக் கட்டினார். அவரும் காப்புரிமை வாங்கினார். தாம்சன் முந்திவிட்டார் என்பது பிறகுதான் வெளியே வந்தது, டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது. ஆனால் பெயர் அவருக்கே நிலைத்தது. நம் சைக்கிளில் பம்ப் வைக்கும் இடத்தில் வால் டியூப் போட்டிருக்குமே, அந்த வகை வால்வுக்கு இன்றும் டன்லப் வால்வு என்றுதான் பெயர். வகுப்புக்கு வெளியே நிறுத்திய என் சைக்கிளில் வால் டியூபைப் பிடுங்கிய புண்ணியவான்கள் சிலர் இதைப் படிக்கிறார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும்!

இவர்கள் இருவருக்கும் முன்பு சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் இல்லாவிட்டால் டயரே இல்லை. வெயிலில் பிசுபிசுத்து குளிரில் விறைத்துப்போகும் ரப்பரை, கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்று 1839இல் கண்டுபிடித்தார். கடனோடு வாழ்ந்து கடனோடே 1860இல் செத்துப்போனார். இன்று அவர் பெயரில் இருக்கும் கம்பெனி அவர் தொடங்கியதல்ல, அவர் இறந்து வெகுகாலம் கழித்து வேறு ஆட்கள் வைத்த பெயர்.

ரப்பர் பால் எங்கிருந்து வந்தது என்பதில் நம்மவர்களின் வியர்வை இருக்கிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போயின. கார் பெருகப் பெருக மலாயாவில் காடு அழிந்து ரப்பர் தோட்டம் ஆனது. அந்தத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்தது தமிழ்நாட்டுக் கிராமங்களில். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள் விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்துவிட்டு, இருட்டிலேயே பால்மரம் வெட்டப் போனார்கள். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் அந்த அவசரம். மங்கில் சொட்டிய அந்தப் பால்தான் உலகத்துக் கார்களுக்கெல்லாம் டயரானது. "மலாயாவுக்குப் போனவர்" என்று யாரையாவது உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். அவர் பேரன் பேத்திகளோடு தொடர்பு விட்டுப்போயிருந்தால் தேடிப் பாருங்கள்.

நம்மை அப்போது ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கும் டயரில் பெரிய பங்கு உண்டு. கிளேர்மோன் ஃபெரானில் ஆந்த்ரே, எதுவார் மிஷ்லன் என்று இரண்டு சகோதரர்கள். 1895இல் பாரிஸ் - போர்தோ - பாரிஸ் பந்தயத்தில் காற்று டயர் போட்ட காரை முதன்முதலாக ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர், இருபதுக்கும் மேற்பட்ட டியூப் காலியானது. ஜெயிக்கவில்லை, ஆனால் காரைக் காற்றின்மேல் ஓட்டலாம் என்று காட்டிவிட்டார்கள். அவர்கள் விளம்பரத்தில் வரும் டயர் மனிதன் ஏன் வெள்ளையாக இருக்கிறான் தெரியுமா? அவன் பிறந்த 1898இல் டயர்கள் வெளிர் நிறம். கரித்தூள் கலந்தால் ரப்பர் பல மடங்கு உழைக்கும் என்று பின்னால் தெரிந்த பிறகுதான் டயர் கறுப்பானது.

இனி நம் பக்கம் வருவோம். 1946இல் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே. எம். மாமன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் டிரெட் ரப்பர், அதாவது தேய்ந்த டயரின் மேல் ஒட்டும் புது ரப்பர், செய்ய ஆரம்பித்தார். 1961இல் மான்ஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து டயர் தொழிலில் இறங்கினார். அதுதான் எம்.ஆர்.எஃப். அதன் ஆலை ஒன்று நெட்டப்பாக்கம் கொம்யூன் ஏரிப்பாக்கத்தில் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் அங்கே ஷிஃப்ட் பார்க்கிறார்கள்.

அந்தக் கம்பெனி டயருக்கு முன்பே டிரெட் ரப்பரில் வளர்ந்ததைக் கவனியுங்கள். புது டயரைவிடப் பழைய டயருக்குப் புத்துயிர் கொடுப்பதற்குத்தான் அப்போது தேவை அதிகம். நம் ஊரில் ஒரு டயர் எத்தனை பிறவி எடுத்தது! லாரியில் புதிதாக ஓடும். தேய்ந்ததும் ரீட்ரேடு போட்டு மறுபடியும் லாரியில் ஓடும். அதுவும் தேய்ந்தால் மாட்டு வண்டிக்கு வரும், கரும்பு ஏற்றிப் பல வருஷம் உழைக்கும். டயர் வண்டி வந்த பிறகு மாட்டுக்குப் பாரம் எவ்வளவு லேசானது என்று என் பெரியப்பா ஓயாமல் சொல்வார். வண்டியிலும் முடியாது என்றானதும் அறுத்துச் செருப்பாகும், கிணற்று வாளியாகும். டியூப் தனிக் கதை. பாகூர் ஏரியில் நீச்சல் பழக லாரி டியூப், உண்டிவில்லுக்குச் சைக்கிள் டியூப், மிச்சம் மீதி கட்டுக் கட்டுவதற்கு. சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்த பையன்களில் ஒருவர் இன்று எக்சிகியூடிவ் என்ஜினீயர்.

அந்தச் சிக்கனத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மணிக்கு 4 கிலோமீட்டர் போகும் மாட்டு வண்டியில் மொட்டை டயர் வெடித்தால் மாடு நின்றுவிடும், அவ்வளவுதான். அதே கையும் அதே கண்ணும் இன்று மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் காருக்கும் டயரை மதிப்பிடுகிறது. அங்கேதான் எனக்குப் பயம். விழுப்புரம் - நாகப்பட்டினம் நான்கு வழிச் சாலை நம் பக்கமாகப் போன பிறகு அந்தப் பயம் கூடியிருக்கிறது. முன்பெல்லாம் குழியும் வளைவும் நம் வேகத்தைக் கட்டிப்போட்டிருந்தன.

காற்று இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்போம்? காலால் ஓர் உதை. லாரி கிளீனராக இருந்தால் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்பார். பழைய அம்பாசடர் காலத்து டயரில் அது ஓரளவுக்குச் சரி. அந்த டயரின் நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும், காற்று குறைந்தால் பார்த்ததுமே தெரியும். மிஷ்லன் 1946இல் காப்புரிமை வாங்கிய ரேடியல் டயர் அமைப்பே வேறு. நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும், மேலே இரும்புக் கம்பிப் பட்டை இருக்கும். பக்கச்சுவர் மென்மை. முழுக் காற்று இருந்தாலும் தரையில் படும் இடத்தில் கொஞ்சம் புடைத்தாற்போலத்தான் தெரியும். கால்வாசிக் காற்று போனாலும் ஏறக்குறைய அதே தோற்றம். இப்போது நம் கார்களில் இருப்பதெல்லாம் ரேடியல்தான். உதைத்தால் கால்தான் வலிக்கும்.

காற்று குறைந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி நிமிரும். ஒரு கம்பியைக் கையில் வைத்து மாறி மாறி வளைத்தால் வளைத்த இடம் சுடுமே, அதேதான். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் டயர் நிமிஷத்துக்கு 800 சுற்றுக்கு மேல் சுற்றும். அத்தனை தடவையும் மடங்கினால் உள்ளே சூடு ஏறி, ரப்பருக்கும் கம்பிப் பட்டைக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகும். பிறகு டிரெட் உரிந்துகொண்டு வரும், அல்லது டயர் வெடிக்கும். கத்திரி வெயிலில், ஏழு பேர் உட்கார்ந்து, மேலே மூட்டையும் கட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போகிற வண்டியை நினைத்துப் பாருங்கள்.

இது உலகத்துக்குப் பெரிய அளவில் உறைத்தது அமெரிக்காவில். 2000 ஆகஸ்ட் மாதம் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. ஓடும்போதே டிரெட் உரிந்து வண்டி கவிழ்ந்து ஆட்கள் செத்தார்கள். அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை கணக்கிட்ட சாவுகள் 271. டயர் வடிவமைப்பில் குறை இருந்தது உண்மை. ஆனால் விபத்துகள் அதிகம் நடந்தது டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா என்று நம் ஊரைப் போல வெயில் அடிக்கும் மாநிலங்களில். ஃபோர்டு அந்த வண்டிக்குச் சொல்லியிருந்த காற்று 26 பி.எஸ்.ஐ., பிறகு ஃபயர்ஸ்டோன் 30 வைக்கச் சொன்னது. குறைந்த காற்று, அதிக வெயில், அதிக வேகம், அதிகப் பாரம் நான்கும் குறையுள்ள டயரில் ஒன்றுகூடின. டயர் காற்று குறைந்தால் ஓட்டுபவருக்கு எச்சரிக்கை தர வேண்டும் என்று சொல்லும் சட்டம் அங்கே அந்த வருஷமே வந்தது. அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட தேதி 2000 நவம்பர் 1, நம் விடுதலை நாள். தேதிகளை மனப்பாடம் செய்தே வாழ்ந்தவன் கண்ணில் இது படாமல் போகாது.

இன்று நம் புதுக் கார்களிலும் வரும் குதிரை லாடம் போன்ற மஞ்சள் விளக்கு அந்தச் சாவுகளின் வழியாக வந்தது. ஆனால் அந்தச் சட்டப்படி சொல்லியிருக்கும் அளவில் கால் பங்கு குறைந்தால்தான் விளக்கு எரிய வேண்டும். 33 இருக்க வேண்டியது 25க்கு வந்த பிறகுதான் அது பேசும். விளக்கு எரியவில்லை, ஆகவே காற்று சரி என்று இருந்துவிடாதீர்கள்.

பட்டன் விஷயத்துக்கு வருகிறேன். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94ஆம் விதி, காருக்கு டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. அளக்கக் கருவி வேண்டாம். பள்ளத்துக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

பள்ளம் எதற்கு? தண்ணீர் ஓடத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலையில் நிற்கும் தண்ணீரைப் பள்ளம் வெளியேற்றாவிட்டால் டயர் தண்ணீர்மேல் மிதக்கும், ஸ்டியரிங்கும் பிரேக்கும் பேச்சுக் கேட்காது. விமானங்களுக்காக நாசா ஆய்வாளர்கள் 1960களில் கண்ட கணக்கு ஒன்று இருக்கிறது. அதன்படி 30 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். காற்று 20 ஆனால் 75 கிலோமீட்டரிலேயே மிதந்துவிடும். மழையிலும் காற்றுதான் காப்பாற்றுகிறது.

ஆனால் பட்டன் இருந்தால் மட்டும் போதாது. என் உறவில் ஒருவர் கார் வாங்கி ஒன்பது வருஷம், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுப்பார். பட்டன் புதுசு போல இருந்தது. சென்னைக்குப் போகும் வழியில் பின்பக்க டயர் வெடித்து வண்டி நடுத்திட்டில் ஏறியது. அவர் மனைவிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது, மூன்று மாதம் கையைத் தூக்க முடியவில்லை. பின்னால் பெரிய வண்டி எதுவும் வராததால் இன்று இருவரும் இருக்கிறார்கள். அந்த டயரை நான் பார்த்தேன். பக்கச்சுவர் முழுக்க, வறண்ட வயல் போல மெல்லிய வெடிப்புகள். ஓடாமல் நின்றாலும் வெயிலிலும் காற்றிலும் ரப்பர் கிழடாகும்.

டயரின் வயதைப் பார்க்க, பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று ஆங்கிலத்தில் தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம் செய்தது. ஒரு பக்கத்தில் எண் இல்லாவிட்டால் மறுபக்கம் குனிந்து பாருங்கள். ஆறு வருஷத்தில் மாற்றச் சொல்லும் கார் கம்பெனிகள் உண்டு. எவ்வளவு நன்றாக இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் வேண்டாம் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. மாணவர் அனுப்பிய படத்தில் நான் பார்த்த கடைசி இரண்டு எண்கள் 15. விலையில் நான்கு டயர் காசைக் குறைத்துக் கேளுங்கள் என்று அவருக்குத் தனியாகச் சொல்லிவிட்டேன்.

ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள். அது ஏன் ஸ்டெப்னி? 1904இல் வேல்ஸ் நாட்டு லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் இருந்த ஒரு பட்டறையில் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஆனது. பிறந்த நாட்டில் அந்தச் சொல்லை இப்போது யாரும் சொல்வதில்லை, நம் ஊர் டிரைவர்கள் வாயில் வாழ்கிறது. ஆனால் பல ஸ்டெப்னிகள் வண்டி வாங்கிய நாளில் அடித்த காற்றோடு டிக்கியில் தூங்குகின்றன.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து, தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கம் வெள்ளமானபோது சாலை எது குழி எது என்று தெரியாமல் வண்டி ஓட்டினோம். அப்படிக் குழியில் மோதிய டயரின் பக்கச்சுவர் உள்ளே நூல் அறுந்து, சில நாள் கழித்து முட்டை போலப் புடைக்கும். அந்தப் புடைப்புக்கு ஒட்டுப் போட முடியாது. பஞ்சர் கடைத் தம்பி "ஓடும் சார்" என்று சொன்னாலும் மாற்றிவிடுங்கள்.

காற்று அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. முழுப் பாரத்துக்குத் தனி அளவும் அதிலேயே போட்டிருக்கும். டயர்மேல் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதை வைக்கக் கூடாது. மாதம் ஒரு முறையாவது, ஊருக்குக் கிளம்பும் முன்னும், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். காலையில் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் பங்க் போதும். ஓடிச் சூடான டயரில் நான்கைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். பங்கில் இருக்கும் பையன் அதைப் பார்த்து "அதிகமா இருக்கு, இறக்கிடட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆறியதும் தானே இறங்கும்.

ஏரிப்பாக்கத்தில் வேலை பார்க்கும் மாணவர்களே, ஒரு டயர் உள்ளே எப்படிக் கட்டப்படுகிறது என்று உங்களில் ஒருவர் எழுதுங்கள், நானும் படித்துக்கொள்கிறேன். மலாயாத் தோட்டங்களுக்குப் போன குடும்பத்துக் கதை வைத்திருப்பவர்கள் எனக்குப் போன் செய்யுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.